ஸ்கை சந்தாவை விட்டு இலவச ரெக்கார்டர் பெட்டிக்கு மாறுவது: திரும்பத் திரும்ப வரும் கேள்விகள்

பிரிட்டனில் ஸ்கை என்ற சந்தாத் தொலைக்காட்சியின் டிஷ் வைத்திருக்கும் நம்மவர்கள் பலர் மாதாமாதம் போகும் பணத்தைப் பார்த்துவிட்டு, இலவசப் பெட்டிக்கு மாறலாமா என்று கேட்கிறார்கள். நான் மாறிச் சில வருடங்கள் ஆகிவிட்டதால் கேள்விகள் என்னிடமே வந்து சேருகின்றன. ஒரே பதிலைத் தொலைபேசியில் பத்துப் பேருக்குச் சொல்வதைவிட எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது. கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

இலவசப் பெட்டின்னா உண்மையிலேயே மாசாமாசம் எதுவும் கட்ட வேண்டாமா?

வேண்டாம். பெட்டியை ஒரு தடவை விலை கொடுத்து வாங்குகிறீர்கள், அவ்வளவுதான். பிபிசி, ஐடிவி, சேனல் 4, சேனல் 5 போன்றவை பூட்டு எதுவும் இல்லாமல் காற்றில் வருகின்றன, அவற்றைப் பிடித்து உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்கில் பதிவு செய்வதுதான் இந்தப் பெட்டியின் வேலை. நேரலையை நிறுத்தி வைப்பது, பின்னால் ஓட்டிப் பார்ப்பது, ஒரு தொடரை முழுக்கப் பதிவுக்குப் போடுவது என்று ஸ்கை பெட்டியில் பழகிய எல்லாமே இதிலும் உண்டு.

புதிய ரெக்கார்டர் ஒன்று ஏறக்குறைய 150 முதல் 250 பவுண்ட் வரை ஆகும். நீங்கள் இப்போது மாதம் 40 பவுண்ட் கட்டுகிறீர்கள் என்றால் வருடத்துக்கு 480 பவுண்ட், அதாவது ஏழு மாதத்துக்குள் பெட்டியின் விலை திரும்பி வந்துவிடும்.

அப்போ டிவி லைசன்ஸும் வேண்டாம்தானே?

இல்லை, அது வேறு, இது வேறு. எந்தச் சேனலாக இருந்தாலும் நேரலையாகப் பார்ப்பதற்கும் பதிவு செய்வதற்கும் லைசன்ஸ் வேண்டும், பிபிசியின் இணையச் செயலியான ஐபிளேயரைப் பார்ப்பதற்கும் வேண்டும். ஸ்கைக்குக் கட்டிய பணத்தில் லைசன்ஸ் ஒருபோதும் அடங்கியிருக்கவில்லை. 2025 ஏப்ரலில் அது வருடத்துக்கு 174.50 பவுண்ட் ஆனது. 75 வயதோ அதற்கு மேலோ ஆகி, பென்ஷன் கிரெடிட் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரசு உதவி) வாங்குகிறவர்களுக்கு இலவசம், ஆனால் விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை அவசியம் பாருங்கள், தகுதி இருந்தும் விண்ணப்பிக்காமல் இருப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஃப்ரீவியூ, ஃப்ரீசாட் ரெண்டும் ஒண்ணா? எதை வாங்கணும்?

ஒன்றல்ல. ஃப்ரீவியூ 2002-இல் தொடங்கியது, கூரையில் இருக்கும் ஏரியல் வழியாக வருவது. ஃப்ரீசாட் 2008-இல் பிபிசியும் ஐடிவியும் சேர்ந்து தொடங்கியது, டிஷ் வழியாக வருவது. முக்கியச் சேனல்கள் இரண்டிலும் உண்டு, ஓரத்தில் இருக்கும் சின்னச் சேனல்கள்தான் கொஞ்சம் மாறும்.

எதை வாங்குவது என்பதை உங்கள் சுவர்தான் முடிவு செய்யும், கடைக்காரர் அல்ல. கூரையில் நல்ல ஏரியல் இருந்து, டிவிக்குப் பக்கத்தில் அதன் சாக்கெட்டும் இருந்தால் ஃப்ரீவியூ சுலபம். ஏரியல் இல்லை, டிஷ் மட்டும்தான் இருக்கிறது என்றால் ஃப்ரீசாட். டிவிக்குப் பக்கத்தில் வைக்கும் சின்ன ஏரியலை நம்பி ரெக்கார்டர் வாங்காதீர்கள். நேரலையில் படம் ஒரு நொடி உடைந்தால் பொறுத்துக்கொள்வோம், பதிவு செய்த படத்தின் கடைசிக் காட்சி உடைந்து கிடந்தால் மனசு விட்டுப்போகும்.

அப்புறம், டிஷ்ஷிலிருந்து வரும் கேபிளை ஃப்ரீவியூ பெட்டியின் ஏரியல் துளையில் செருகினால் எதுவும் வராது. திருகும் முனை டிஷ்ஷுக்கு, அழுத்திச் செருகும் முனை ஏரியலுக்கு.

ஸ்கையை நிறுத்தினா டிஷ்ஷைக் கழற்றிக்கொண்டு போவாங்களா? புது டிஷ் வைக்கணுமா?

கழற்ற மாட்டார்கள், அது சுவரிலேயே இருக்கும். புது டிஷ்ஷும் வேண்டாம், திருப்பி வைக்கவும் வேண்டாம். ஸ்கையும் ஃப்ரீசாட்டும் ஒரே இடத்திலிருந்துதான் வருகின்றன, கிழக்கே 28.2 பாகையில் நிற்கும் அஸ்ட்ரா செயற்கைக்கோள்களிலிருந்து. டிஷ் ஏற்கெனவே அந்தப் பக்கம்தான் பார்த்துக்கொண்டிருக்கிறது.

ஆனால் டிஷ்ஷின் முன்னால் கம்பியில் ஒரு சின்ன உருண்டைத் தலை இருக்கிறதே, எல்என்பி என்பார்கள், அதில்தான் சிக்கல் வரும். அடுத்த கேள்வியைக் கட்டாயம் படியுங்கள்.

எங்க வீட்டில் ஸ்கையோட ஸ்கை க்யூ பெட்டி. ஃப்ரீசாட் பெட்டி வாங்கி மாட்டினேன், சிக்னலே இல்லைன்னு வருது. பெட்டி பழுதா?

பெரும்பாலும் பெட்டி நன்றாகத்தான் இருக்கும். எனக்கும் இதேதான் நடந்தது. பழைய ஃப்ரீசாட் ரெக்கார்டர் ஒன்றை ஒருவரிடம் வாங்கி வந்து ஒரு முழு மாலை கேபிளை மாற்றி மாற்றிச் செருகிப் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் காரணம் புரிந்தது. அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

சாதாரண டிஷ் தலையில், ஒரு கேபிளில் ஒரு நேரத்தில் மொத்தச் சேனல்களில் கால் பங்குதான் வரும். எந்தக் கால் பங்கு வேண்டும் என்று பெட்டிதான் கேபிள் வழியாகவே மேலே சொல்லும்: 13 வோல்ட் அனுப்பினால் செங்குத்து அலைகள், 18 வோல்ட் என்றால் கிடை அலைகள், கூடவே 22 கிலோஹெர்ட்ஸ் துடிப்பு ஒன்றைச் சேர்த்தால் மேல் அலைவரிசை, சேர்க்காவிட்டால் கீழ் அலைவரிசை. ஸ்கை க்யூ 2016-இல் வந்தபோது இந்த முறையை மாற்றிவிட்டார்கள். அதன் தலைக்கு வைட்பேண்ட் என்று பெயர். ஒரு கேபிளில் செங்குத்து அலைகள் முழுவதும், இன்னொரு கேபிளில் கிடை அலைகள் முழுவதும் எப்போதும் இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரே பெட்டி பல சேனல்களைச் சேர்த்துப் பதிவு செய்வதற்கு இது நல்ல ஏற்பாடு, ஆனால் பழைய பெட்டிக்கு இந்த மொழி புரியாது.

வழி மூன்று உண்டு. வைட்பேண்டையும் ஏற்கும் புதிய 4கே ஃப்ரீசாட் ரெக்கார்டரை வாங்கலாம், அப்போது மேலே எதையும் தொட வேண்டாம். அல்லது தலையை மட்டும் சாதாரண நான்கு முனைத் தலையாக மாற்றலாம், பொருளின் விலை குறைவுதான், ஏணி ஏறுகிறவருக்குத்தான் கூலி. இல்லாவிட்டால் இரண்டு வகை முனைகளும் சேர்ந்த கலப்புத் தலை போடலாம், மாறும் காலத்தில் ஸ்கை க்யூவும் ஃப்ரீசாட்டும் ஒன்றாக ஓட வேண்டுமென்றால் அது உதவும். இரண்டாம் மாடி உயரத்தில் இருக்கும் டிஷ்ஷில் தயவுசெய்து நீங்களே ஏறாதீர்கள்.

எங்களிடம் இருப்பது பழைய ஸ்கை பிளஸ். எங்களுக்கும் இந்தத் தொல்லை உண்டா?

இல்லை. ஸ்கை பிளஸ் சாதாரணத் தலையில்தான் ஓடும், பெரும்பாலும் பெட்டிக்கு இரண்டு கேபிள்களும் வந்திருக்கும். அந்த இரண்டையும் கழற்றி ஃப்ரீசாட் பெட்டியில் திருகினால் வேலை முடிந்தது. அஞ்சல் குறியீட்டைக் கேட்கும், அதைக் கொடுத்தால் உங்கள் வட்டாரத்து பிபிசி, ஐடிவி செய்திகளை அதுவே பொருத்திக்கொள்ளும்.

கேபிள் ஒண்ணுதான் இருக்கு. போதாதா?

பார்க்கப் போதும், பதிவு செய்யும்போது திணறும். ஸ்கை க்யூ கேள்விக்கான பதிலில் சொன்ன கால் பங்குக் கணக்குதான் காரணம். ஒரு கேபிளில் ஒரு சேனல் பதிவாகும்போது, அதே பங்கில் இருக்கும் வேறு சேனலை மட்டும்தான் பார்க்க முடியும், மற்றவை பட்டியலில் தேர்ந்தெடுக்க முடியாமல் மங்கிக் கிடக்கும். ஒன்றைப் பதிவு செய்துகொண்டே இன்னொன்றைப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தானே ரெக்கார்டரே வாங்குகிறோம், ஆகவே இரண்டாவது கேபிளை இழுத்துவிடுங்கள். தலையில் காலியாக முனை இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

ஃப்ரீவியூவில் இந்தக் கவலை இல்லை. ஏரியலிலிருந்து ஒரே கேபிள் வந்தாலும் பெட்டிக்குள்ளேயே பிரித்துக்கொள்ளும்.

எந்தெந்தச் சேனல் போயிடும்? நேராச் சொல்லுங்க.

ஸ்கை ஸ்போர்ட்ஸ், ஸ்கை சினிமா, ஸ்கை அட்லாண்டிக், டிஎன்டி ஸ்போர்ட்ஸ் எல்லாம் போய்விடும். ஸ்கை நியூஸ் இருக்கும். ஸ்கை ஆர்ட்ஸ் 2020 செப்டம்பரிலிருந்து இலவசம், அதுவும் இருக்கும்.

நான் எல்லோரிடமும் சொல்வது ஒன்றுதான். இரண்டு வாரம் ஒரு தாளை டிவி பக்கத்தில் வையுங்கள், வீட்டில் யார் எந்தச் சேனல் பார்த்தாலும் எழுதட்டும். பல வீடுகளில் அந்தத் தாளில் பாதிக்கு மேல் பிபிசியும் ஐடிவியும்தான் வரும். அப்படி வராத வீட்டுக்கு, உதாரணமாகத் தினமும் கால்பந்து ஓடும் வீட்டுக்கு, இந்த மாற்றம் ஒத்துவராது. அதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கிரிக்கெட் இல்லாமல் எங்கள் வீட்டுக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஏதாவது வழி?

நேரலைக் கிரிக்கெட்டுக்கு இலவச வழி கிட்டத்தட்ட இல்லை. ஒலிம்பிக், உலகக் கோப்பைக் கால்பந்து, எஃப்ஏ கோப்பை இறுதி, விம்பிள்டன் இறுதிகள் போன்றவற்றை இலவசச் சேனல்களுக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று அரசின் பட்டியல் ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் நடக்கும் டெஸ்ட் போட்டிகள் அதன் இரண்டாம் பிரிவில் உள்ளன, அதாவது தொகுப்பு மட்டும் இலவசச் சேனலில் வந்தால் போதும். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி சேனல் 4-இல் நேரலையாக வந்தது அபூர்வமான விதிவிலக்கு.

பெரிய தொடர் நடக்கும் நாட்களுக்கு மட்டும் ஸ்கையின் நௌ என்ற இணையச் செயலியில் ஒரு நாள் அல்லது ஒரு மாதம் என்று வாங்கிக்கொள்ளலாம். வருடத்தில் மூன்று மாதம் மட்டும் கிரிக்கெட் பார்ப்பவருக்குப் பன்னிரண்டு மாதச் சந்தாவைவிட அது மிச்சம். வருடம் முழுக்கப் பார்ப்பவர் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஸ்கையிலேயே இருக்கலாம், தவறில்லை.

தமிழ்ச் சேனல்கள் இதில் வருமா?

தமிழ்ச் சேனல்களை நம்பி இந்தப் பெட்டியை வாங்காதீர்கள். பெட்டி ஆங்கிலச் சேனல்களுக்கு, தமிழ் இணையம் வழியாக என்று இரண்டையும் பிரித்து வைத்துக்கொள்வதுதான் நிம்மதி.

ஸ்கை பெட்டியையே வைத்துக்கொண்டு இலவசச் சேனல்களைப் பதிவு செய்தால் என்ன? எதற்குப் புதுப் பெட்டி?

பழைய ஸ்கை பிளஸ் பெட்டியில் சந்தா நின்ற பிறகும் இலவசச் சேனல்களை நேரலையாகப் பார்க்கலாம், ஆனால் பதிவு செய்யும் வசதி சந்தாவோடு போய்விடும். ஸ்கை க்யூ பெட்டியோ உங்களுடையதே அல்ல, இரவலாகக் கொடுத்தது, திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்பாவிட்டால் பணம் கேட்பார்கள்.

அதில் சேர்த்து வைத்த பதிவுகளைப் புதுப் பெட்டிக்கு மாற்ற முடியுமா அண்ணா? என் பிள்ளை டிவியில் தோன்றிய நிகழ்ச்சி ஒன்று இருக்கிறது.

முடியாதம்மா. பதிவுகள் எல்லாம் பூட்டிட்ட வடிவில் இருக்கின்றன, ஹார்ட் டிஸ்கைக் கழற்றிக் கணினியில் மாட்டினாலும் திறக்காது. சந்தா நின்றதும் அந்தப் பெட்டியிலேயே கூடத் திறக்காமல் போகும்.

பிள்ளை வந்த நிகழ்ச்சி மாதிரி விலைமதிப்பில்லாதது இருந்தால், சந்தா இருக்கும்போதே அது ஐபிளேயரிலோ ஐடிவியின் செயலியான ஐடிவிஎக்ஸிலோ இன்னும் இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் டிவியை ஓடவிட்டு முன்னால் கைபேசியை நிலையாக வைத்து எடுத்துக்கொள்ளுங்கள். தரம் சுமார்தான், ஆனாலும் இருக்கும். மற்றவற்றை நிறுத்தும் தேதிக்கு முன் பார்த்து முடித்துவிடுங்கள்.

முதலில் ஸ்கையை நிறுத்தணுமா, முதலில் பெட்டி வாங்கணுமா?

முதலில் பெட்டி. வாங்கி, மாட்டி, ஒரு வாரம் பதிவு செய்து பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்ற பிறகு ஸ்கைக்குச் சொல்லுங்கள். 31 நாள் முன்னறிவிப்பு வேண்டும், அந்த நாட்களுக்கும் பணம் போகும். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டதா என்று அதற்கு முன்பே பாருங்கள், இடையில் முறித்தால் மீதி மாதங்களுக்குக் கட்டணம் வரும்.

இணைய இணைப்பும் ஸ்கையிலேயே இருந்தால் டிவியை மட்டும் நிறுத்துகிறேன் என்று தெளிவாகச் சொல்லுங்கள், டிவி போன பிறகு இணையத்துக்கு மாதம் எவ்வளவு என்பதையும் அதே பேச்சில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். விலையைக் குறைத்து இருக்கச் சொல்வார்கள். நல்ல விலை என்றால் இருங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் புதுச் சலுகை என்றால் புது ஒப்பந்தம், மறுபடியும் ஒன்றரை இரண்டு வருடம் கட்டிப்போடும்.

500 ஜிபி போதுமா, 1 டிபி வேண்டுமா?

எச்டி படம் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 4 ஜிபி பிடிக்கும் என்று வைத்துக்கொண்டால் 500 ஜிபியில் 125 மணி நேரம். பார்த்ததும் அழிக்கிற பழக்கம் இருந்தால் அது தாராளம். எங்கள் வீட்டில் யாரும் எதையும் அழிக்க விடமாட்டார்கள், அதனால் 1 டிபி.

தொடரைப் பதிவுக்குப் போட்டேன், கடைசி அஞ்சு நிமிஷம் வெட்டுப்பட்டுப் போச்சு. ஏன்?

பதிவு தொடங்குவதையும் முடிவதையும் இரண்டு விதமாகச் செய்யலாம். ஒன்று, நிகழ்ச்சி இப்போது தொடங்கியது, இப்போது முடிந்தது என்று ஒளிபரப்பாளரே அலையோடு அனுப்பும் குறிப்பைப் பின்பற்றுவது. நிகழ்ச்சி தாமதமானால் பதிவும் தாமதமாகும். இன்னொன்று, கடிகாரத்தை நம்பி முன்னும் பின்னும் சில நிமிடம் கூட்டிப் பதிவது. பெட்டியின் அமைப்புகளில் இது இருக்கும். சேனல்கள் அந்தக் குறிப்பை ஒழுங்காக அனுப்பினால் முதல் முறைதான் சிறந்தது, அனுப்பாத சேனலுக்கு இரண்டாவது முறையில் பின்னால் ஐந்து பத்து நிமிடம் கூட்டி வையுங்கள்.

நேரலை விளையாட்டுக்கு இரண்டையுமே முழுதாக நம்ப முடியாது. மேலே சொன்ன 2019 இறுதிப் போட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். அதே நாளில் பிரிட்டிஷ் கார் பந்தயமும் சேனல் 4-இல் இருந்ததால் கிரிக்கெட் நடுவில் அதன் துணைச் சேனலான மோர்4-க்குப் போய்விட்டுத் திரும்பி வந்தது, போதாக்குறைக்கு ஆட்டம் சமனாகி சூப்பர் ஓவர் வரை இழுத்தது. இப்படிப்பட்ட நாளில் இரண்டு சேனலையும் பதிவுக்குப் போட்டு, அடுத்து வரும் நிகழ்ச்சியையும் சேர்த்துப் போடுவதுதான் பாதுகாப்பு.

ஒரே நேரத்தில் மூணு நிகழ்ச்சி. பெட்டி இரண்டுதான் பதியும்னு சொல்லுது.

பெட்டிக்குள் எத்தனை டியூனர் (சேனலைப் பிடிக்கும் பகுதி) என்பதைப் பொறுத்தது. இரண்டு டியூனர் பெட்டிகள் விலை குறைவு, பெரிய குடும்பத்துக்கு அதற்கு மேல் உள்ளதைப் பாருங்கள். இரண்டு டியூனரில் சிக்கிக்கொண்டால் ஒரு மணி நேரம் பிந்தி ஓடும் பிளஸ் ஒன் சேனலில் மூன்றாவதைப் போடலாம். கூட்டி வைத்த அந்த ஐந்து பத்து நிமிடங்களும் டியூனரைப் பிடித்து வைத்திருக்கும் என்பதை மறக்காதீர்கள், அடுத்தடுத்து வரும் இரண்டு நிகழ்ச்சிகள்கூட அதனால் மோதிக்கொள்ளும்.

பதிவு செய்ததை யுஎஸ்பியில் எடுத்து மற்ற வீட்டில் போட்டுப் பார்க்கலாமா? சட்டப்படி தப்பா?

நேரம் வாய்க்கும்போது வீட்டில் பார்ப்பதற்காகப் பதிவு செய்வதை 1988-ஆம் ஆண்டின் பிரிட்டன் பதிப்புரிமைச் சட்டமே அனுமதிக்கிறது. நண்பர்களுக்குக் கொடுப்பது, இணையத்தில் ஏற்றுவது எல்லாம் அந்த அனுமதிக்குள் வராது. எப்படியும் எச்டி பதிவுகளைப் பெட்டி தன்னோடு பூட்டி வைத்துக்கொள்ளும், வேறு இடத்தில் ஓடாது. எச்டி அல்லாதவற்றைச் சில பெட்டிகள் யுஎஸ்பிக்கு மாற்ற விடும்.

ஃபிளாட்டில் இருக்கிறோம், சுவரில் சாக்கெட் மட்டும்தான். டிஷ் எங்கே என்றே தெரியாது.

கட்டடத்துக்குப் பொது டிஷ்ஷும் பொது ஏரியலும் இருக்கலாம். எத்தனை டிஷ் கேபிள் வருகிறது, சாதாரண முறையா வைட்பேண்டா என்று நிர்வாகத்திடம் கேளுங்கள். சொந்தமாக டிஷ் மாட்ட வீட்டு உரிமையாளரின் அனுமதி வேண்டும். கேட்காமல் மாட்டாதீர்கள்.

பழைய பெட்டி 30 பவுண்டுக்குக் கிடைக்குது, வாங்கலாமா?

எச்டி பெட்டியா என்று பாருங்கள். பிபிசி 2024 தொடக்கத்தில் செயற்கைக்கோளில் எச்டி அல்லாத ஒளிபரப்பை நிறுத்திவிட்டது, அதனால் எச்டி இல்லாத ஃப்ரீசாட் பெட்டியில் பிபிசியே வராது. ஹார்ட் டிஸ்க் வருடக்கணக்காகச் சுழன்றிருக்கும், எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. பழைய பெட்டிகளில் ஐபிளேயர் போன்ற செயலிகளும் ஒவ்வொன்றாக வேலை செய்யாமல் போகின்றன. இதெல்லாம் தெரிந்து, உங்கள் டிஷ் தலையும் பொருந்தினால் வாங்கலாம்.

இப்போ எல்லாம் இணையத்தில்தானே, ஃப்ரீலின்னு வேற வந்திருக்கே. ரெக்கார்டர் எதுக்கு?

ஃப்ரீலி 2024-இல் வந்தது, இலவசச் சேனல்களை இணையம் வழியாகவே நேரலையாகத் தரும், டிஷ்ஷும் ஏரியலும் வேண்டாம். ஆனால் அதில் பதிவு கிடையாது, விட்டதைச் செயலிகளில் தேடிப் பார்க்க வேண்டும். பலருக்கு அதுவே போதும்.

எனக்குப் போதவில்லை. ஐடிவி, சேனல் 4 செயலிகளில் இலவசமாகப் பார்த்தால் விளம்பரத்தைத் தாண்டிப் போக முடியாது, பதிவில் ஓட்டிவிடலாம். ஐபிளேயரில் பல நிகழ்ச்சிகள் ஒரு வருடத்துக்குள் போய்விடும், என் பெட்டியில் நான் அழிக்கும்வரை இருக்கும். இணையம் நின்ற இரவிலும் பார்க்கலாம்.

அம்மாவுக்கு 78 வயசு. ஸ்கை ரிமோட்டுக்குத்தான் பழக்கம். சமாளிப்பாரா?

ஃப்ரீசாட் என்றால் பாதிக் கவலை இல்லை, பிபிசி ஒன் அதிலும் 101, ஐடிவி 103, சேனல் 4 104. ஃப்ரீவியூவில் 1, 3, 4 என்று சுருங்கிவிடும், அதுவும் சில நாளில் பழகும். கஷ்டம் பதிவுகளின் பட்டியலைத் திறப்பதில்தான். அந்த ஒரு பொத்தானில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வைத்துக் கொடுங்கள். அவர் பார்க்கும் தொடர்களை முதல் நாளே நீங்கள் பதிவுக்குப் போட்டுவிட்டு வாருங்கள், இரவில் சுவர் சுவிட்சை அணைக்க வேண்டாம் என்றும் சொல்லி வையுங்கள். மின்சாரம் இல்லாத பெட்டி விடியற்காலை நிகழ்ச்சியைப் பதியாது. என் அத்தை ஒரு மாதம் தினமும் அணைத்துவிட்டு, எதுவும் பதிவாகவில்லையே என்று வருத்தப்பட்டுக்கொண்டிருந்தார்.